கயலின் தொட்டி: ஒரு கற்பனை விண்கலத்துக்கு உந்துபொருள் கணக்குப் போட்ட கதை

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனைக்கு வந்து நின்றால், எந்த நேரமானாலும் ஒரு டேங்கர் லாரியாவது கண்ணில் படும். அக்கா மகள் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த வண்டி அது. அதனால்தானோ என்னவோ, தன் படக்கதைக்கு விண்கலம் வரைந்தபோது அதன் வயிற்றில் ஒரு லாரி டேங்கை அப்படியே படுக்க வைத்துவிட்டாள். பக்கத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு: "உந்துபொருள் 11.8 டன் = 11,800 லிட்டர். 12,000 லிட்டர் லாரி போதும்."

அந்த ஒரு வரியைச் சரிசெய்ய எங்கள் இருவருக்கும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. விண்வெளிக் கதை எழுதும் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுகிற இடம் இது என்பதால், நடந்ததை முழுசாக எழுதி வைக்கிறேன்.

நான் ராக்கெட் படித்தவன் இல்லை. இருபத்திரண்டு வருடம் ஓர் எண்ணெய்க் கிடங்கில் டிப் ராடும் (தொட்டியில் எவ்வளவு உயரத்துக்குத் திரவம் இருக்கிறது என்று பார்க்கும் கோல்) ஹைட்ரோமீட்டரும் (அடர்த்தி பார்க்கும் மிதவை) பிடித்தவன். அவள் பி.எஸ்சி. முதல் வருடம். கணக்கில் பாதி அவளுடையது.

கலமும் அதன் வேலையும்

கலத்தின் பெயர் கயல். நிலவிலிருந்து நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு நிலையத்திலிருந்து கிளம்பி, தரையில் இறங்கி, அதே கலம் முழுசாக மேலே திரும்ப வேண்டும். நடுவில் எரிபொருள் நிரப்ப வழியில்லை. அப்பல்லோ கலங்கள் கீழ்ப்பாதியை நிலவிலேயே விட்டுவிட்டு மேல்பாதியோடு கிளம்பின. கயல் அப்படி எதையும் கழற்றிப் போடாது. திரும்பத் திரும்ப ஓடும் படகு அது. நான்கு பேர், இருக்கைகள், காற்று, தண்ணீர், எஞ்சின், கால்கள் எல்லாம் சேர்த்து 8 டன் என்று அவளே முடிவு செய்திருந்தாள். தொட்டி அதில் சேராது. இதைப் பிறகு பார்ப்போம்.

ஒரு கலம் தன் வேகத்தை மொத்தமாக எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதுதான் எல்லாக் கணக்குக்கும் அடிப்படை. டெல்டா-வி என்பார்கள். தாழ்வான நிலவுச் சுற்றுப்பாதையிலிருந்து தரையில் இறங்க வினாடிக்கு 2,000 மீட்டர் வைத்துக்கொண்டோம். ஏறுவதற்கு 1,900. நிலையத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ள இன்னொரு 100. ஆக மொத்தம் 4,000.

இதற்கான சூத்திரத்தை ரஷ்யாவைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி 1903லேயே அச்சில் கொடுத்துவிட்டார். டெல்டா-வி என்பது வெளியேறும் வாயுவின் வேகத்தை, தொடக்க நிறைக்கும் இறுதி நிறைக்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கையால் (கால்குலேட்டரில் ln) பெருக்கினால் வருவது. வாயுவின் வேகத்தை நேராகச் சொல்லாமல், எஞ்சினின் ஒப்புக் கணத்தாக்கு என்று வினாடியில் சொல்வது வழக்கம். ஐ.எஸ்.பி. என்று சுருக்குவார்கள். அதை 9.807ஆல் பெருக்கினால் வாயுவின் வேகம் கிடைத்துவிடும்.

உந்துபொருளாக அவள் தேர்ந்தெடுத்தது திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும்; முதலாவது எரிவது, இரண்டாவது எரிய வைப்பது. நல்ல எஞ்சினுக்கு வெற்றிடத்தில் ஐ.எஸ்.பி. சுமார் 450. வாயுவின் வேகம் வினாடிக்கு 4,413 மீட்டர். 4,000ஐ 4,413ஆல் வகுத்து, மடக்கையின் எதிர்ப்பொத்தானைத் (eˣ) தட்டினால் 2.475. அதாவது கிளம்பும்போது இருக்கும் நிறை, முடிக்கும்போது இருக்கும் நிறையைப் போல 2.475 மடங்கு. முடிக்கும்போது 8 டன் என்றால், எரிந்தது 8 × 1.475 = 11.8 டன்.

சரியான விடை. முதல் முறையிலேயே சரியாகப் போட்டிருந்தாள். அது எனக்குப் பெருமைதான். தப்பு நடந்தது அடுத்து அவள் போட்ட சமக்குறியில்.

லிட்டரும் கிலோவும்

"மாமா, பன்னெண்டாயிரம் லிட்டர் வண்டி பத்தாதா?" என்றாள்.

"எதோட பன்னெண்டாயிரம் லிட்டர் பாப்பா?" என்று கேட்டேன்.

ஒரு டன் ஆயிரம் லிட்டர் என்பது தண்ணீருக்கு மட்டும்தான். அதே லாரியில் டீசல் ஏற்றினால் 10 டன் வரும். பெட்ரோல் ஏற்றினால் 9 டன்கூட வராது. கிடங்கில் நாங்கள் டிப் பார்த்த கையோடு, கண்ணாடி ஜாடியில் சாம்பிள் பிடித்து, ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, தெர்மாமீட்டரையும் பார்த்து, 15 டிகிரிக்கு அடர்த்தி எவ்வளவு என்று அட்டவணையில் தேடி எழுதுவோம். லிட்டரை மட்டும் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதன் விலையை நேரில் பார்த்தேன். வெயிலில் ஏற்றிய பெட்ரோல் லாரி விடியற்காலையில் வேறு ஊர் பங்க்கில் இறங்கியது. நூறு லிட்டருக்கு மேல் குறைகிறது என்று டிரைவர் மேல் திருட்டுப்பழி. பத்து டிகிரி குளிர்ந்தால் 12,000 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 120 லிட்டர் சுருங்கும். ஒரு சொட்டுகூடத் திருடு போகவில்லை. நிறை அப்படியேதான் இருந்தது. வெப்பநிலையைக் குறித்து வைத்திருந்த ஒரே ஒரு சீட்டு அந்த மனிதரின் வேலையைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து அடர்த்தி என்கிற எண்ணை நான் லேசாக எடுத்துக்கொண்டதே இல்லை.

ராக்கெட்டிலும் இதே கதைதான். எஞ்சினுக்குத் தெரிந்தது கிலோ. தொட்டிக்குத் தெரிந்தது லிட்டர். நடுவில் நின்று மொழிபெயர்ப்பது அடர்த்தி. திரவ ஆக்சிஜன் கொதிநிலையான மைனஸ் 183 டிகிரியில் கன மீட்டருக்கு 1,141 கிலோ, தண்ணீரைவிடக் கனம். திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில் கன மீட்டருக்கு வெறும் 71 கிலோ. தண்ணீரில் பதினான்கில் ஒரு பங்கு. இந்த எண்ணைக் கேட்டதும் அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

அடுத்து, 11.8 டன்னில் எது எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். பிளஸ் டூ வேதியியலில் படித்தபடி நிறையில் ஒரு பங்கு ஹைட்ரஜனுக்கு எட்டுப் பங்கு ஆக்சிஜன் என்று எழுதியிருந்தாள். மிச்சமில்லாமல் எரிய அதுதான் விகிதம். ஆனால் எஞ்சின்கள் அப்படி ஓடுவதில்லை. அமெரிக்க விண்ணோடத்தின் (ஸ்பேஸ் ஷட்டில்) எஞ்சின்கள் ஏறக்குறைய ஆறுக்கு ஒன்றில் ஓடின. கொஞ்சம் ஹைட்ரஜன் எரியாமலே வெளியேறட்டும் என்று விடுகிறார்கள். லேசான மூலக்கூறுகள் கலந்த வாயு வேகமாகப் பாயும், எஞ்சின் சுவரும் வெப்பத்திலிருந்து தப்பிக்கும். கதை எழுதுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். பாடப்புத்தக விகிதத்தைப் போட்டால் ஹைட்ரஜன் தொட்டி உண்மையில் வேண்டியதைவிடச் சின்னதாக வந்துவிடும்.

ஆறுக்கு ஒன்று என்றால் ஹைட்ரஜன் 1.69 டன், ஆக்சிஜன் 10.11 டன். கன அளவில் ஹைட்ரஜன் 23.7 கன மீட்டர், ஆக்சிஜன் 8.9. மொத்தம் 32.6 கன மீட்டர், அதாவது 32,600 லிட்டர். ஒரு லாரி இல்லை, ஏறக்குறைய மூன்று லாரி. நிறையில் ஏழில் ஒரு பங்கு இருக்கிற ஹைட்ரஜன், இடத்தில் முக்கால்வாசியைப் பிடித்துக்கொள்கிறது.

விண்ணோடத்தோடு ஒட்டிக்கொண்டு போன அந்த ஆரஞ்சு நிறப் பெரிய தொட்டியை நினைத்துப் பாருங்கள். உள்ளே ஹைட்ரஜன் சுமார் 106 டன், ஆக்சிஜன் சுமார் 629 டன். ஆனால் ஹைட்ரஜனுக்கு ஒதுக்கிய இடம் 14 லட்சம் லிட்டருக்கு மேல், ஆக்சிஜனுக்கு 5.4 லட்சம் லிட்டர்தான். மேலே கூம்பாகத் தெரிந்தது ஆக்சிஜன், மிச்சம் இருந்த நீளமெல்லாம் ஹைட்ரஜன்.

நமக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 2023 ஜூலை 14 மதியம் 2:35க்கு சந்திரயான்-3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியபோது எங்கள் தெரு முழுக்க மொட்டைமாடியில் வடக்கே பார்த்துக்கொண்டு நின்றது. அந்த எல்.வி.எம்.3 ராக்கெட்டின் நடுக்கட்டத்தில் சுமார் 110 டன் திரவ உந்துபொருள், அதன் மேல் கிரையோஜெனிக் கட்டத்தில் சுமார் 28 டன். நிறையில் நான்கு மடங்கு வித்தியாசம். கன அளவைப் போட்டுப் பார்த்தோம்: 110 டன்னுக்கு நூறு கன மீட்டருக்குள் போதும், அந்த 28 டன்னுக்கே 85 கன மீட்டர் பக்கம் வேண்டும். மேல்கட்டத்தில் ஹைட்ரஜன் இருப்பதால் வந்த வீக்கம் அது.

மூன்று எரிபொருள், ஒரே கலம்

இரண்டாவது ஞாயிறு. லாரி டேங்கை ரப்பரால் அழித்தாயிற்று. கலத்தை வீங்க வைப்பதா, எரிபொருளை மாற்றுவதா என்பதுதான் கேள்வி. அதே 8 டன், அதே 4,000. எரிபொருளை மட்டும் மாற்றிப் போட்டோம்.

மீத்தேனும் ஆக்சிஜனும் என்றால் ஐ.எஸ்.பி. 360 வைக்கலாம். நிறை விகிதம் 3.105. உந்துபொருள் 16.8 டன். ஒன்றுக்கு மூன்றரை என்று பிரித்தால் மீத்தேன் 3.74, ஆக்சிஜன் 13.1 டன். திரவ மீத்தேனின் அடர்த்தி 422. கன அளவு மீத்தேனுக்கு 8.9, ஆக்சிஜனுக்கு 11.5, மொத்தம் 20.4 கன மீட்டர்.

மூன்றாவது, மோனோமெத்தில் ஹைட்ரசீனும் நைட்ரஜன் டெட்ராக்சைடும். பற்றவைக்கவே வேண்டாம்; ஒன்றையொன்று தொட்டதும் எரியும். அப்பல்லோ கலங்கள் நிலவில் இறங்கியதும் ஏறியதும் இந்தக் குடும்பத்து எரிபொருளில்தான். ஐ.எஸ்.பி. 315. நிறை விகிதம் 3.65. உந்துபொருள் 21.2 டன். ஆனால் கன அளவு 18.3 கன மீட்டர் மட்டுமே.

நிறையில் 11.8, 16.8, 21.2 என்று ஏறுகிறது. இடத்தில் 32.6, 20.4, 18.3 என்று இறங்குகிறது. இரண்டு வரிசையையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். எது நல்ல எரிபொருள் என்று கேட்டால் விடையே கிடையாது. கிலோவில் கேட்கிறாயா லிட்டரில் கேட்கிறாயா என்பதைப் பொறுத்து விடை தலைகீழாகிறது.

இன்னொரு அழகும் அதில் இருந்தது. ஹைட்ரசீன் இணையில் எரிபொருள் ஒரு பங்குக்கு ஆக்சிஜனேற்றி (எரிய வைக்கும் திரவம், இங்கே டெட்ராக்சைடு) 1.65 பங்கு வைப்பது வழக்கம். அப்படி வைத்தால் 8 டன் எரிபொருளுக்கு 9.1 கன மீட்டர், 13.2 டன் ஆக்சிஜனேற்றிக்கு 9.2. இரண்டு தொட்டியும் ஒரே அளவு! ஒரே அச்சில் இரண்டு தொட்டி செய்யலாம், கலத்தின் சமநிலையும் கெடாது. 1.65 என்ற எண்ணுக்குப் பின்னால் தொட்டி செய்கிறவரின் வசதியும் ஒளிந்திருக்கிறது.

அவள் ஹைட்ரசீனை வேண்டாம் என்றாள். அது கடும் விஷம். கதையில் ஒரு பாத்திரம் வெளியே போய் வால்வைக் கையால் திறக்கிற காட்சி இருக்கிறது. ஹைட்ரஜனும் வேண்டாம். கயல் இரண்டு வாரம் சுற்றுப்பாதையில் காத்திருக்கிறது. மைனஸ் 253 டிகிரித் திரவத்தை அத்தனை நாள் ஆவியாகாமல் வைத்திருக்க வேறு ஏற்பாடுகள் வேண்டும். மீத்தேன் மைனஸ் 162. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019இல் தொடங்கிய எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) முனையத்தில் கப்பலிலிருந்து இறக்குவதும் பெரும்பாலும் மீத்தேன்தான், அதே குளிரில். வாயுவாக இருக்கும்போது பிடிக்கிற இடத்தில் அறுநூறில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிடும். நம் கரையோரத்தில் நடக்கிற காரியம் நிலவுக்கும் போகட்டும் என்று அவள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

தொட்டியின் நிறை

இதுவரை போட்டது முழுக் கணக்கு இல்லை. 16.8 டன் திரவத்தை ஏந்தத் தொட்டி வேண்டும். தொட்டிக்கு நிறை உண்டு, அதைத் தூக்க இன்னும் எரிபொருள் வேண்டும், அந்த எரிபொருளுக்குத் தொட்டி இன்னும் பெரிசாக வேண்டும். அவள் நான்கு முறை திரும்பத் திரும்பப் போட்டுவிட்டு, "முடியவே முடியாதா மாமா?" என்று கேட்டாள். முடியும். ஒவ்வொரு சுற்றிலும் கூடுவது குறைந்துகொண்டே வந்து ஓர் எண்ணில் நிற்கும். குறுக்குவழியும் இருக்கிறது.

தொட்டி, உறை, குழாய் எல்லாம் சேர்த்து எரியும் உந்துபொருளில் 8 சதவீதம் என்று நாங்களாகவே ஒரு விகிதம் வைத்தோம். விண்ணோடத்தின் தொட்டி தான் சுமந்ததில் 4 சதவீதத்துக்கும் குறைவு; ஆனால் சின்னத் தொட்டிக்கு அந்தச் சலுகை கிடைக்காது. அப்புறம் டெட் ஸ்டாக். கிடங்கில் எந்தத் தொட்டியையும் பம்ப் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சாது. அடியில் தங்குவது தங்கும். கயலுக்கு அது 2 சதவீதம். அது எரியாது, ஆனால் கூடவே மேலேவரை வரும். அதனால் அதை இறுதி நிறையில் சேர்க்க வேண்டும். பலர் மறக்கிற இடம் இது.

இரண்டும் சேர்ந்து பத்து சதவீதம். 16.84ஐ, ஒன்றிலிருந்து 0.2105ஐக் கழித்து வரும் 0.7895ஆல் வகுத்தால் 21.33 டன். அந்த 0.2105 வேறொன்றும் இல்லை, நிறை விகிதத்தில் ஒன்றைக் கழித்த 2.105இல் பத்து சதவீதம். சரிபார்க்கலாம்: தொட்டி 1.71, டெட் ஸ்டாக் 0.43, கலம் 8, முடிவில் 10.13 டன். அதை 2.105ஆல் பெருக்கினால் 21.33. கணக்கு மூடிவிட்டது.

ஏற்ற வேண்டியது 21.76 டன். மீத்தேன் 4.84, ஆக்சிஜன் 16.92. கன அளவில் 11.5, 14.8. தொட்டியை விளிம்புவரை நிரப்பக் கூடாது. ஆவியாகும் வாயுவுக்கும் விரிவுக்கும் மேலே இடம் வேண்டும். லாரியிலும் அப்படித்தான், சமையல் எரிவாயு டேங்கரில் இன்னும் கூடுதலாக விடுவார்கள். 95 சதவீதம் நிரப்புவது என்று வைத்து, தொட்டிகள் 12.1, 15.6 கன மீட்டர். கோளமாகச் செய்தால் விட்டம் 2.85 மீட்டர், 3.1 மீட்டர். ஒரே தொட்டியாக்கி நடுவில் ஒரு தடுப்பு வைக்கலாமே என்று யோசித்தாள். மீத்தேன் மைனஸ் 182.5 டிகிரியிலேயே உறைந்துவிடும். ஆக்சிஜனின் கொதிநிலை மைனஸ் 183. ஒற்றைச் சுவர் வைத்தால் மறுபக்கம் மீத்தேன் கட்டி தட்டத் தொடங்கும். அதனால் தனித்தனிக் கோளங்கள். உள்ளே தடுப்புத் தகடுகளும் வரைந்தாள். பிரேக் போட்ட லாரிக்குள் திரவம் முன்னே ஓடி மோதுவதை நான் முன்பே சொல்லியிருந்தேன். இறங்கும் கலத்துக்கும் அந்த ஆபத்து உண்டு.

கிளம்பும்போது கயல் 31.5 டன். அப்பல்லோ 11இன் நிலவிறங்கு கலம் சுமார் 15 டன். இரண்டு பேர், கீழ்ப்பாதியை விட்டுவிட்டு வந்தது. நான்கு பேர், எதையும் விடாமல் என்றால் இரண்டு மடங்கு வருவது நம்பும்படியாகவே இருக்கிறது.

பாதி இல்லை, மூன்றில் ஒன்று

மூன்றாவது ஞாயிறு கதைக்குள் போனோம். பதினெட்டாம் பக்கத்தில் கயல் தரையிறங்குகிறது. விமானி அளவுமானியைப் பார்க்கிறாள். முள் சரியாகப் பாதியில் நிற்பதாக வரைந்திருந்தாள். இறங்க 2,000, ஏற 2,000, பாதிப் பாதிதானே?

வேகம் பாதிப் பாதி. எரிபொருள் அப்படி இல்லை. இறங்கும்போது, ஏறுவதற்கான எரிபொருளையும் சேர்த்துச் சுமந்துகொண்டு இறங்க வேண்டும். 31.46 டன்னை 3.105இன் வர்க்கமூலமான 1.762ஆல் வகுத்தால் 17.86. இறங்க மட்டும் 13.6 டன் எரிந்திருக்கிறது. ஏற மிச்சம் 7.72 டன். பயன்படக்கூடியதில் 36 சதவீதம்.

இருபத்து மூன்றாம் பக்கத்தில், கீழே சிக்கிக்கொண்ட இரண்டு பேரையும் ஏற்றிக்கொள்கிறார்கள். விண்வெளி உடையோடு ஆளுக்கு 150 கிலோ, ஆக 300. முன்பு அவள் எழுதியிருந்த வசனம், "இவ்வளவு கனத்தோடு ஏறவே முடியாது." கணக்குப் போட்டோம். இறுதி நிறை 10.43 ஆகிறது, எரிபொருள் அதே 7.72. கிடைக்கும் டெல்டா-வி 1,956. ஏற வேண்டியது 1,900. ஏறிவிடலாம், ஆனால் நிலையத்தைத் தேடி ஒட்டிக்கொள்ள வைத்திருந்த 100இல் 44 போய்விட்டது. 56ஐ வைத்துக்கொண்டு, ஒரே முயற்சியில் கதவோடு கதவு சேர வேண்டும்.

அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். "முடியாது" என்ற வசனத்தைவிட இது எத்தனையோ மேல் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. கலத்திலிருந்து என்னவெல்லாம் கழற்றி வெளியே போடலாம் என்று ஒரு பட்டியல் போட ஆரம்பித்தாள். கழற்றும் ஒவ்வொரு 100 கிலோவுக்கும் ஏறக்குறைய 15 மீட்டர் திரும்பக் கிடைக்கும். நான்கு இருக்கைகள், மண் மாதிரிப் பெட்டி, உள் ஏணி. தண்ணீர் வேண்டாம், அதை வைத்துக்கொள்ளட்டும் என்றாள்.

அப்புறம் பதினெட்டாம் பக்கத்தை எடுத்து, ரப்பரால் முள்ளை மட்டும் அழித்து, மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே திரும்ப வரைந்தாள்.